பழைய 'மேக்' வாங்கலாமா?

கல்லூரியில் சேர்ந்த மகள், "விண்டோஸ் போதும், இனி ஆப்பிளின் மேக் வேண்டும்" என்கிறாள். புதிது வாங்க வசதி இல்லை. பழையதைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார் தகப்பனார்.

பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால், மலிவு என்று மயங்கினால் பணம் போனதுதான்!

ஆப்பிள் கம்பெனி தன் சொந்த 'எம்-1' சிப் வைத்த கம்ப்யூட்டர்களை 2020 நவம்பரில் விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் 'இன்டெல்' சிப்தான். இன்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அவையே. 2025-ல் வந்த 'டாஹோ' பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அவற்றில் பலவற்றுக்கு அதுகூட ஏறாது. நான்கு ஆண்டு படிக்க வேண்டிய பெண்ணுக்கு அது எதற்கு? விலை கூடினாலும் எம்-1 தான் மேல்.

திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, முதல் வரியைத் தொட்டால் சிப்பின் பெயர் தெரியும். கடைக்காரரின் வாய்வார்த்தை வேண்டியதில்லை.

எம்-1 மேக்கில் 'ராம்' எனும் நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. எழுத்து வேலைக்கு 8 ஜி.பி. போதும்.

பழைய சொந்தக்காரர் தம் ஆப்பிள் கணக்கை நீக்கினாரா? நீக்காவிட்டால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் துவக்கும்போது அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும். அவரை எங்கே தேடுவது? கடையிலேயே துவக்கிப் பார்த்துப் பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் முன்னால், கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எந்திரப் பாகங்களை வரையும் 'சாலிட்வொர்க்ஸ்' விண்டோசுக்காகவே செய்யப்பட்டது. அந்தப் பாடம் படிப்பவர் மேக் வாங்கினால், கல்லூரி லேப் எப்போது திறக்கும் என்று வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.