எட்டில் பாதியா, ஆறில் பாதியா?

ஒரு சின்னக் கணக்கு. ஆறோடு இரண்டைக் கூட்டிப் பாதியாக்கினால் நான்கு. ஆறைப் பாதியாக்கி இரண்டைக் கூட்டினால் ஐந்து. இந்த ஓர் எண் வித்தியாசத்தால், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் மகன் என்னோடு பேசாமல் படுக்கப் போனான்.

அவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். வார இறுதியானால் சாங்கி வில்லேஜில் உள்ள எங்கள் வீவக வீட்டின் சாப்பாட்டு மேசை போர்க்களமாகிவிடும். விரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள், அட்டையில் செய்த இடிந்த கட்டடங்கள், அளவுநாடா, கைநிறையப் பகடைகள். வார்ஹேமர் 40,000 என்ற இந்த விளையாட்டு 1987ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பொம்மைகளை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டிய பிறகுதான் சண்டையே. என் வீரர்களுக்கும் அவன்தான் வண்ணம் தீட்டுவான். எனக்குக் கண்ணாடி போட்டாலும் கை நிலைப்பதில்லை.

சுட்டது பட்டதா, காயப்படுத்தியதா, கவசம் தடுத்ததா என்று வரிசையாகப் பகடை உருட்ட வேண்டும். எல்லாம் தாண்டினால் கடைசியில் சேதம் எவ்வளவு என்ற கணக்கு. ஒவ்வோர் உருவத்துக்கும் சில உயிர்ப்புள்ளிகள் உண்டு. சேதம் அதை எட்டினால் உருவத்தை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அன்று அவன் கையில் ‘மெல்டா’ என்ற வெப்பத் துப்பாக்கி. பகடையில் விழும் எண்தான் சேதம். கிட்டத்திலிருந்து சுட்டால் கூடுதலாக இரண்டு. என் பக்கம் இருந்த பெரிய உருவத்துக்கோ, தன்மேல் விழும் சேதம் பாதியாகிவிடும் என்ற வரம். அதற்கு மிச்சம் இருந்தது ஐந்து உயிர்ப்புள்ளிகள். அவன் பகடையில் ஆறு விழுந்தது.

“ஆறும் ரெண்டும் எட்டு, பாதி நாலு. பிழைச்சிட்டான்!” என்றேன்.

“இல்லப்பா. ஆறில் பாதி மூணு, அதோட ரெண்டு. அஞ்சு. செத்துட்டான்.”

“அது எப்படிடா? மொத்த சேதத்தில்தானே பாதி?”

அவன் குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீங்கதான் பாதியை முதல்ல போடணும்னு சொன்னீங்க.”

நினைவு வந்தது. நாங்கள் முறை வைத்துப் படைகளை மாற்றிக்கொண்டு ஆடுவோம். அன்று மெல்டா என் கையில். நான் போட்டது நான்கு. பாதி இரண்டு, கூட இரண்டு, மொத்தம் நான்கு என்று சொல்லி, நான்கு புள்ளி மிச்சமிருந்த அதே உருவத்தை எடுக்க வைத்தேன். கூட்டிவிட்டுப் பாதியாக்கியிருந்தால் மூன்றுதான் வரும், உருவம் தப்பியிருக்கும். “அப்பா சொன்னா சரிதான்” என்று எடுத்துவிட்டான். இப்போது நான் சொன்ன பதில், “அது வேற ஆட்டம்.”

அவன் மறுபேச்சு பேசவில்லை. வீரர்களை ஒவ்வொருவராகப் பெட்டியில் அடுக்கினான். கோபித்துக் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

இரவு விதிகளுக்கான விளக்கக் குறிப்பைத் தேடிப் படித்தேன். 10ஆம் பதிப்பில் தெளிவாகவே இருந்தது: முதலில் வகுத்தல், பிறகு பெருக்கல், பிறகு கூட்டல், கடைசியில் கழித்தல். அவன் சொன்ன ஐந்துதான் சரி. ஆனால் என்னை உறுத்தியது அந்த எண் அல்ல. ஒரே வரிக்கு இரண்டு வாரத்தில் இரண்டு பொருள் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் லாபம் எனக்கு. ஏமாற்ற நினைத்தேனா என்றால், இல்லை. இரண்டு முறையும் நான் சொல்வது நியாயம் என்றே மனதார நம்பினேன். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, பேருந்து ஏறி காஸ்ஃபர்ட் சாலைக்குப் போனோம். ஜொகூர் பீரங்கித் தளம் இருந்த இடம் அது. 1930களில் பிரிட்டிஷார் இங்கே மூன்று 15 அங்குலப் பீரங்கிகளை நிறுவினார்கள். இன்று ஒரு பீரங்கியின் மாதிரியும் ஆள் உயரக் குண்டின் மாதிரியும் நிற்கின்றன. ஒவ்வொரு குண்டும் 800 கிலோவுக்கு மேல்.

“இதுக்கு சேதம் எத்தனை போடலாம்?” என்று கேட்டேன். நேற்றிரவிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான். “யார் மேல சுடறோம்கிறதைப் பொறுத்துப்பா.”

சரியான பதில். சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலைப் பார்த்தே இருந்தன, திரும்பவில்லை என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் சாங்கிப் பீரங்கிகள் 1942 பிப்ரவரியில் நிலப்பக்கமும் சுட்டன. ஆனால் கைவசம் இருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். சிதறிப் பரவும் குண்டுகள் அல்ல. பரவலாக வரும் காலாட்படைமேல் சுட்டால் அவை மண்ணில் ஆழப் புதைந்துவிடும். கப்பலை மூழ்கடிக்கும் குண்டு, நடந்து வரும் படையை நிறுத்தவில்லை.

நிஜச் சேதமே இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது. அதை ஒரு பகடைக்குள் அடக்கப் பார்க்கும் எந்த விதிப்புத்தகத்திலும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அந்த இடைவெளியை நிரப்புவது ஆடுபவர்களின் மனசாட்சி.

இதை முன்னோடிகள் அறிந்திருந்தார்கள். 1824ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் பகடையும் சேத அட்டவணையும் இருந்தன. கூடவே எந்தத் தரப்பையும் சேராத ஒரு நடுவரும் இருந்தார். நடுவரே தரப்பு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அங்கிருந்த நிழலில் உட்கார்ந்து அதை மகனிடம் சொன்னேன்.

சிங்கப்பூர் விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத 1942 மே மாதத் தொடக்கம். ஜப்பானியக் கடற்படை மிட்வே தாக்குதலுக்கு மேசைமேல் ஒத்திகை பார்த்தது. ஒத்திகையில் இருந்த ஒக்குமியாவும் விமானப்படைத் தளபதி ஃபுச்சிடாவும் பின்னர் எழுதிய நூலில் நடந்ததைச் சொல்கிறார்கள். அமெரிக்க விமானங்களின் தாக்குதலுக்குப் பகடை உருட்டப்பட்டது. ஒன்பது குண்டுகள் பட்டன. அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. தலைமை நடுவராக இருந்த உகாக்கி குறுக்கிட்டு, பட்டவை மூன்றுதான் என்று குறைத்தார். அகாகிக்கு லேசான சேதம், காகா மட்டும் மூழ்கியது என்றானது. அடுத்த கட்ட ஒத்திகையில் அந்தக் காகாவும் உயிரோடு வந்துவிட்டது.

ஜூன் மாதம் மிட்வேயில் அகாகி, காகா உட்பட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை ஜப்பான் இழந்தது. ஒத்திகையில் விழுந்த பகடைதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை வந்தது. அதை எண்ணை மாற்றி மூடிவிட்டார்கள்.

“நானும் நேத்து அதைத்தான் பண்ணேன். மன்னிச்சிடு தம்பி,” என்றேன். அவன் குண்டின் மாதிரியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, “பரவாயில்லப்பா. ஆனா அவன் செத்துட்டான்,” என்றான்.

அன்றிலிருந்து எங்கள் பகடைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டும் இருக்கிறது. சந்தேகமான விதிகளை ஆட்டத்துக்கு முன்பே பேசி அதில் எழுதிவிடுகிறோம். நடுவில் புதிதாகச் சிக்கல் வந்தால், வார்ஹேமரின் பழைய பதிப்புகளே சொன்ன வழி: பகடை உருட்டி முடிவுசெய்து ஆட்டத்தைத் தொடர்வது. சரியான பொருளைப் பிறகு தேடி, நோட்டில் ஏற்றுகிறோம். முதல் பக்கத்தில் மகன் எழுதிய வரி: ‘படையை மாற்றிக்கொண்டாலும் இதையே சொல்வோமா?’

இந்தக் கேள்வி எனக்கு மேசையைத் தாண்டியும் உதவுகிறது. வேலையிடத்தில் விடுப்பு விதியின் ஒரு வரிக்கு, என் விண்ணப்பத்துக்கு ஒரு பொருளும் என் குழுவில் உள்ள இளையரின் விண்ணப்பத்துக்கு இன்னொரு பொருளும் சொல்ல வாய் வரும்போது, கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை அதே பெரிய உருவம், மறுபடி என் பக்கம். ஐந்து புள்ளி மிச்சம். அவன் மெல்டாவில் மறுபடியும் ஆறு. நோட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை. நானே உருவத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “உன் முறை இன்னும் முடியல, சுடு” என்றேன்.