இழுபடும் இதயம்



வீட்டிலுள்ள முதியவர் நெஞ்சு படபடக்கிறது என்றால், “கவலைதான் காரணம், மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லி அமர்த்திவிடுகிறோம். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி, மற்றப் பாதியை மறைத்துவிடுகிறது என்பதே நம் கவலை.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு திசுமுடிச்சு ஒன்று தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. அதை விரைவுபடுத்துவதும் தளர்த்துவதும் நரம்புகளின் பணி. 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர், தவளை இதயம் ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த திரவத்தை வேறோர் இதயத்தில் செலுத்த, அதுவும் தளர்ந்தது! நரம்பு வேதிப்பொருள் வழியாகவே கட்டளையிடுகிறது என்பது அதனால் புலனாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆயினும் இதயத் தசை நரம்புக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று. தசை இழுபடும்போது திறக்கும் நுண்வாயில்கள் அதன் செல்களில் உள்ளன. அவற்றின் வழியே அயனிகள் உட்புகுந்து, வேளையல்லா வேளையில் துடிப்பை எழுப்பக்கூடும். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் மார்பில் மோதுண்டு களத்திலேயே சாய்ந்தார். நோயற்ற இதயம், குறிப்பிட்ட ஒரு நொடிப்பகுதியில் விழுந்த அடியால் நின்றுவிட்டது. உடனடி முதலுதவியே அவரைக் காத்தது.

நம் இல்லங்களில் இந்த இழுப்பு ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் நிகழ்கிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தமும், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வும் இடது மேலறையை விரியச் செய்கின்றன. விரிந்த சுவரில் தழும்பு படர்கிறது. மின்னலை நேர்வழி செல்லாது சுழல்கிறது. இந்நிலையில்தான் நரம்பு தன் பங்கைச் செலுத்துகிறது. சிலருக்குச் சினத்திலோ கடும் உழைப்பிலோ, வேறு சிலருக்கு உறக்கத்திலோ வயிறு நிறைய உண்டபின்போ மேலறை நடுங்கத் தொடங்கும். கவலை தீப்பொறியாகலாம், விறகு அடுக்கப்பட்டது முன்பே.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையும். அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

ஆகவே முதியவரின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். துடிப்புகளுக்கிடையே ஒழுங்கே இல்லையெனில், வலியில்லை என்று காத்திராமல் இ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். படபடப்பு அடங்கியபின் எடுத்த படத்தில் குறை தெரியாமற் போகலாம். அதைக் கண்டு நிம்மதியடைய வேண்டா. ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் சிறு கருவி உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.