குத்தகை மகளிருக்கு எட்டாத சூரிய மின்சாரம்

வேளாண்மைக்குச் சூரிய மின்சாரம் வந்தால் மகளிரும் இளைஞர்களும் ஏற்றம் பெறுவர் என்பது தில்லியில் அடிக்கடி ஒலிக்கும் பேச்சு. இது மெய்யாக வேண்டுமானால் எது தடையாக நிற்கிறது என்பதை அறிய, தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களை எண்ணிப் பார்த்தால் போதும்.

களியக்காவிளையைத் தாண்டினால் வாழை, மரவள்ளி, காய்கறிச் சாகுபடியைக் காணலாம். 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர், மாநிலம் முழுவதும் சிறு சிறு கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்ந்து, பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வருகின்றனர். ஆனால், 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. புதிதாகக் குத்தகைக்கு விடவும் நிலச் சீர்திருத்தச் சட்டம் தடை விதித்தது. உழுதவருக்கு நிலம் தந்த அச்சட்டம் போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே சட்டத்தால், இன்று குத்தகைக்கு உழும் பெண்களுக்குச் சட்ட வலிமை உள்ள குத்தகைச் சீட்டு கிடைப்பதில்லை.

மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த பிரதமரின் குசும் திட்டத்தில், சூரியமின் பம்ப்செட்டுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் தர வழி செய்யப்பட்டது. விவசாயக் குழுக்களுக்கும் அதில் இடமுண்டு. எனினும் விண்ணப்பத்துடன் நில ஆவணம் கேட்பதே நடைமுறை. நிலம் யார் பெயரிலோ, பம்ப்செட்டும் அவர் பெயரில்! 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் மகளிர் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதமே. இந்நிலையில் மானியம் எவர் கைக்குச் சென்று சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இது கேரளத்தின் சிக்கல் மட்டுமன்று. எல்லைக்கு இப்பால் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலும், ஏன், தமிழகம் முழுவதிலுமே வாய்மொழிக் குத்தகை புதிதல்ல.

குத்தகைக்காரருக்கு மானியம் தந்தால், நிலத்தை உரிமையாளர் திரும்பப் பெறும்போது பம்ப்செட் என்னவாகும் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பம்ப்செட் குழுவின் சொத்தாகப் பதிவு செய்யப்பட்டு, இடம் மாற்றத்தக்கதாகவும் இருந்தால் இவ்வச்சம் நீங்கும். குஜராத்தின் சிறிய ரண் பகுதி உப்பளத் தொழிலாளர்க்கும் நிலப் பட்டா கிடையாது. ஆயினும் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் அங்கே கடன் பெற்று, டீசல் எஞ்சின்களுக்கு மாற்றாகச் சூரியமின் பம்ப்செட்டுகளை நிறுவினர். டீசலுக்குச் செலவான பணம் கடன் தவணைக்கு உதவியது.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'நமோ டிரோன் சகோதரி' திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க வகை செய்தது. டிரோனுக்குக் குழுவே உரிமையாளராகலாம் எனில், பம்ப்செட்டுக்கு ஏன் ஆகக்கூடாது?

இளைஞர்களின் நிலையும் கருதத்தக்கது. சூரிய மின் தொழில்நுட்பப் பயிற்சிக்கான சூர்யமித்ரா திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. குசும் பம்ப்செட்டுகளை ஐந்தாண்டுகள் பராமரிப்பது விற்பனை நிறுவனத்தின் பொறுப்பு. அதன் பிறகு பழுது பார்ப்பவர் யார்? பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களிடம் ஊராட்சிகள் அப்பணியை ஒப்படைத்தால், சொந்த ஊரிலேயே பிழைக்க அவர்களுக்கு வழி பிறக்கும்.

உழவர் யார் என்பதை நிலத்தைக் கொண்டல்லாமல் உழைப்பைக் கொண்டு வரையறுக்க நாடாளுமன்றத்திற்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன், மகளிர் உழவர் உரிமைகள் மசோதாவை 2012-இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலம் இல்லாத பெண்ணுக்கும் உழவர் சான்றிதழ் வழங்க அது வகை செய்தது. 2013-இல் அவரது பதவிக்காலம் முடிந்ததும் மசோதா காலாவதியாயிற்று.

முதலில் 2022-க்குள் முடிவதாக இருந்த குசும் திட்டம் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்து வரும் திட்டங்களிலேனும், ஊராட்சி அளிக்கும் சாகுபடிச் சான்றை நில ஆவணத்திற்கு ஈடாக ஏற்கவும், மகளிர் குழுக்களுக்குத் தனி ஒதுக்கீடு செய்யவும் மத்திய அரசு ஆவன செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; வழிகாட்டு நெறிகளில் திருத்தம் செய்தாலே போதும். இதை வலியுறுத்திக் கேரள, தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு கருதாது நாடாளுமன்றத்தில் குரல் எழுப்புவார்களா?