சீமைக் கருவேலத்தை வெட்டியாச்சு... அங்கே அடுத்து என்ன முளைக்குதுன்னு யார் பார்ப்பது?

காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவாசி போகிறவர்கள் செவிலிமேடு பாலத்தில்தான் பாலாற்றைக் கடக்கிறார்கள். தண்ணீர் ஓடாத மாதங்களில் அங்கே கண்ணில் படுவது மணலும் சீமைக் கருவேலமும்தான். 'பொக்லைன் விட்டு மொத்தத்தையும் பிடுங்கிப் போட வேண்டியதுதானே?' என்று பஸ்ஸில் யாராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கேன்.

ஆனால் தாவரச் சூழலியல் படிக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவரின் கேள்வி வேற: பிடுங்கிய இடத்தில் அடுத்து என்ன வளரும்?

பெரும்பாலும் அதே சீமைக் கருவேலம்தான். வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து துளிர்க்கும். வேரோடு எடுத்தாலும், விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும். ஆடு, மாடுகள் காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் புது இடத்தில் போட்டுவிட்டுப் போகும். அதனால் அகற்றிய நாளில் எடுக்கும் போட்டோவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்றாவது மழைக்குப் பிறகு அதே இடத்தைப் போய்ப் பார்க்கணும்.

நம்ம ஊரில் சண்டை எல்லாம் வெட்டலாமா, வேண்டாமா என்பதில்தான். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது; அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்டெடுக்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம். அகற்றுவதை டெண்டர் விட்டு முடித்துவிடலாம், மீட்டெடுப்பதை அப்படி முடிக்க முடியாது.

எப்படிச் செய்வது என்பதற்கு உதாரணம் முதுமலையில் இருக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, 1 செ.மீ. தடிமனுக்கு மேல் இருந்த ஒவ்வொரு மரத்தையும் கணக்கெடுத்தார்கள். சுமார் 25 ஆயிரம் தண்டுகள்! எது செத்தது, எது புதுசா வந்தது என்று அதே மரங்களை இன்றுவரை திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். யானைகள் விரும்பித் தின்னும் ஒரு மர இனம் சில ஆண்டுகளிலேயே வேகமாகக் குறைந்தது தெரிந்தது இப்படித்தான். ஒருமுறை போய் வந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இந்த எண்ணும் வேலையைப் பெரும்பாலும் மாணவர்களும் உள்ளூர் களப்பணியாளர்களும்தான் செய்கிறார்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கியவருக்குத் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய்; உதவித்தொகை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு 8,000 ரூபாய். இதில் அறை வாடகை, சாப்பாடு, காட்டுக்குப் போக பெட்ரோல் (வீட்டில் 'எப்போ வேலைக்குப் போவே?' என்ற கேள்வி தனி). மரம் வளரும் வேகத்துக்கு ஐந்து ஆண்டு ரொம்பக் கம்மி. மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் பல இடங்களில் கணக்கும் நின்றுவிடுகிறது.

பாலாற்றுக்கு 50 ஹெக்டேர் எல்லாம் வேண்டாம். அகற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னத் துண்டை வெட்டாமல் விடுங்கள். பக்கத்தில் வெட்டிய துண்டை ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறை எண்ணட்டும். ஒருவர் படிப்பு முடிந்து போனால் நோட்டை அடுத்த பேட்ச் மாணவர் வாங்கிக்கொள்ளட்டும். பத்து ஆண்டுக்கான அந்தச் செலவை டெண்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். பொக்லைன் வாடகையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது.