கூலருக்குள் ஒரு கூத்தாடி

கோடை வந்துவிட்டால் கரோல் பாக்கின் சந்துகளில் ஜன்னல்கள் கூலர்களிடம் சரணடைந்துவிடும். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் தட்டி, அடியில் ஒரு சாண் தண்ணீர். ஏ.சி. பெருகிவிட்ட பிறகும் கூலர் ஒழிந்துவிடவில்லை. மழை பிடித்ததும் மின்விசிறியை நிறுத்துகிறவர்கள், அடியில் நிற்கும் தண்ணீரை மறந்துவிடுவதும் வழக்கம்தான். அந்த ஒரு சாண் தண்ணீரைத் தேடித்தான் மாநகராட்சியின் கொசு ஒழிப்பு ஊழியர் படியேறி வருகிறார். கையில் டார்ச், ஒரு கரண்டி. புழு இருந்தால் நோட்டீஸ்.

இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 1996இல் தில்லியைத் தாக்கிய டெங்கு 10,252 பேரைப் படுக்கையில் தள்ளியது. 423 பேர் இறந்தார்கள். 2015இல் மறுபடியும் 15,000 பேருக்கு மேல். கூலரும் மொட்டை மாடித் தொட்டியும் பூந்தொட்டித் தட்டும்தான் ஏடிஸ் கொசுவின் பிரசவ அறைகள். கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே கரண்டியில் வந்த புழு எது என்று அந்த இடத்திலேயே தெரிந்தாக வேண்டும். பெயர் தெரிந்தால்தான் அடுத்து எங்கே தேடுவது என்று தெரியும். ஏடிஸ் என்றால் வீட்டுக்குள் இருக்கும் பாத்திரங்கள், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் என்றால் மாடித் தொட்டிகள், க்யூலெக்ஸ் என்றால் சாக்கடை.

புழுவுக்குப் பெயர் சொல்லும் நூல்கள் இல்லாமல் இல்லை. ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் 1933இல் கிறிஸ்டோபர்ஸ் அனாபிலிஸ் வகைகளையும், 1934இல் பாரோட் மற்ற கொசுக்களையும் விரிவாக எழுதிவிட்டார்கள். அசாத்திய உழைப்பு. ஆனால் அவை நுண்ணோக்கிக்கு முன் உட்காருகிறவருக்கு எழுதப்பட்டவை. எந்தக் கணுவில் எந்த மயிர் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்பதுபோலக் கேட்கும். நாலாவது மாடியில் ஏணிமேல் நிற்பவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

‘இதுவா, அதுவா’ என்று இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போகும் முறை பழசு. பிரெஞ்சுத் தாவரங்களை இனம்காண 1778இல் லமார்க் அதைப் பெரிய அளவில் கையாண்டார். இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் கேள்வியில் தவறினால் முழு வழியும் தவறு. வால் ஒடிந்த புழு வந்து, முதல் கேள்வி வாலைப் பற்றியதாக இருந்துவிட்டால் அதோடு சரி. 1930களில் மரங்களை இனம்காணத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தியவர்கள் இதற்கு மாற்றுக் கண்டார்கள். தெரிந்த அடையாளத்துக்கான துளையில் ஊசியைக் கோத்துத் தூக்கினால், பொருந்தாதவை பிரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் உருவான ‘இன்ட்கீ’, ‘லூசிட்’ போன்ற கணினி நிரல்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தாண்டிப் போகலாம். திரையில் படங்கள் குறைந்துகொண்டே வரும்.

ஆனால் எதை முதலில் கேட்பது? இங்கே தமிழ் ஒரு தீர்வைத் தயாராக வைத்திருக்கிறது. கொசுப் புழுவை நம் கிராமங்களில் ‘கூத்தாடி’ என்பார்கள். உடலை வளைத்துத் துள்ளுவதால் வந்த பெயர். நம்மவர்கள் மயிரை எண்ணவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்கள். அதுவே சரியான முதல் கேள்வி: உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது?

இரண்டாவது, ஓய்வில் எப்படி இருக்கிறது? அனாபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. நீர்ப்பரப்புக்கு அடியில் படுத்தாற்போல் மிதக்கும். க்யூலெக்ஸ் நீண்ட மெல்லிய குழலை மேலே நீட்டித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். ஏடிஸின் குழல் குட்டை, பருமன். ஏறக்குறைய நேர்க்குத்தாகத் தொங்கும். இந்த மூன்று கோலங்களையும் கோட்டுப் படமாகப் போட்டுவிட்டால், எழுத்து வாசிக்காதவர்கூட விரலால் தொட்டுச் சொல்வார். புகைப்படம் மட்டும் போதாது. கண்ணாடித் தகட்டில் செத்துக் கிடக்கும் புழுவுக்கும் கலங்கிய தண்ணீரில் நெளிவதற்கும் சம்பந்தமே தெரியாது. கோட்டுப் படத்தோடு சில நொடி அசையும் படமும் வேண்டும். இன்னொரு குறிப்பும் அவசியம்: டார்ச் வெளிச்சமோ நிழலோ பட்டதும் புழு அடியில் போய்ப் பதுங்கிவிடும். அவசரக்காரருக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்.

எது கொசு இல்லை என்று சொல்வதும் வழிகாட்டியின் கடமை. தொட்டியின் வண்டலில் நெளியும் ரத்தச் சிவப்புப் புழுவைப் பார்த்துப் பதறாத வீடு கிடையாது. அது கைரோனோமிட் என்ற கடிக்காத பூச்சியின் புழு. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். தொட்டியைக் கழுவலாம், பயப்பட வேண்டியதில்லை. மாறாக, காற்புள்ளி போல வளைந்து துள்ளும் கூட்டுப்புழுவைக் கண்டால் தாமதம் கூடாது. ஓரிரு நாளில் பறந்துவிடும். அது எதையும் தின்னாது. ஆகவே, தின்றால் கொல்லும் பாக்டீரியா மருந்து அதனிடம் செல்லாது.

நாசாவின் ஆதரவில் 2017இல் வந்த ‘க்ளோப் அப்சர்வர்’ செயலியின் கொசுப் பகுதி இந்தப் பாதையில்தான் செல்கிறது. செல்போனில் பொருத்தும் சிறிய லென்ஸ் வழியே புழுவைப் படம் பிடித்து, படங்களோடு ஒப்பிட்டு இனம்காணச் சொல்கிறது. பிறகு தண்ணீரைக் கொட்டச் சொல்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் இத்தகைய வழிகாட்டிகளின் நேர்மை தெரியும். ஏடிஸ் ஈஜிப்டையா, ஆல்போபிக்டஸா என்று பிரிக்க, எட்டாவது கணுவிலுள்ள நுண்செதில்களை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஒரு மில்லிமீட்டர் புழுவிலோ குழலே சரியாகத் தெரியாது. அங்கே ‘சொல்ல இயலாது’ என்று ஒரு பொத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் இருப்பவற்றுள் ஏதோ ஒன்று தலையில் கட்டப்படும். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது. அந்தக் கண்டத்தின் அனாபிலிஸ் பெண் கொசுக்களை இனம்காணும் கையேடு, இந்த விருந்தாளியையும் சேர்த்துக்கொண்டு திருத்தி வெளியிடப்பட்டது 2020இல்தான்.

தமிழில் ஒரு வழிகாட்டி செய்தால் சொல் தகராறும் வரும். சென்னைக்காரருக்குக் கொசுப் புழு, யாழ்ப்பாணத்தாருக்கு நுளம்புக் குடம்பி, பாடப்புத்தகத்துக்கு லார்வா. கரோல் பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு மச்சர். நான்கையும் போட்டுவிடுவதில் நஷ்டமில்லை, படம் ஒன்றுதானே.

கடைசித் திரையில் புழுவின் பெயர் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூலரின் ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. தண்ணீரைக் கொட்டிய பிறகும் அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே அந்தத் திரையில் ஒரு பிரஷ்ஷின் படமும் வேண்டும்: வாரம் ஒரு முறை காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் பிறகு நிரப்பவும்.