லயத்தைச் சுற்றியுள்ள மண் யாருக்கு?



2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்து நாட்டின் பசியைப் போக்குங்கள் என்று சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது அரசாங்கம். நாட்சம்பளத்துக்கு மலையேறிய நமக்கு விடுமுறையும் இல்லை, நிலமும் இல்லை.

அந்த ஆண்டு நம் அடுப்பு என்ன பாடுபட்டது? காலையில் ரொட்டி, மலைக்கும் ரொட்டி, இரவிலும் ரொட்டி என்று வாழ்கிறோம். இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையை அரைத்துத்தான் மா. 2021இல் கிலோ 100 ரூபாவுக்குக் கீழே இருந்த மா, மறு ஆண்டு 300 ரூபாவையும் தாண்டியது. டொலர் இல்லையென்றால் நம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. 1973–74இல் ரேஷன் குறைந்தபோது தோட்டங்களில் பட்டினியால் மடிந்தவர்களை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. பிறர் கையில் சோற்றை விட்டவன் கதி அதுதான்.

மலையக மண்ணில் எது விளையாது? போஞ்சி, கோவா, ராபு, மரவள்ளி, வத்தாளை, சவ்சவ், வல்லாரை, பொன்னாங்கண்ணி எல்லாம் விளையும். காலையில் பறித்த கீரை மதியம் சட்டிக்கு வரும்; லொறிக் கூலியும் தரகும் அதில் இல்லை. இரத்தச்சோகையால் வாடும் நம் பெண்களுக்கு மாவும் சாயத்தண்ணியும் போதாது. கீரையும் பயறும் வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆனால் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டால், "இது கம்பனி நிலம், பிடுங்கு" என்கிறது நிர்வாகம். பராமரிப்பில்லாமல் காடாகி, பன்றியும் பாம்பும் குடியிருக்கும் தேயிலை மலைகளும் கம்பனி நிலம்தானே? பன்றிக்கு விட்ட மண்ணைத் தொழிலாளிக்கு விடக் கூடாதா? சரிவில் மரக்கறி போட்டால் மண் அரிக்கும் என்பார்கள். கல் அணை கட்டவும் கான் வெட்டவும் இந்த மலைகளில் 150 ஆண்டுக்கு மேலாக உழைத்தவர்களுக்கா பாடம் சொல்கிறீர்கள்?

வீடமைப்பில் பேசப்படும் 7 பேர்ச்சஸில் வீடு போக மிஞ்சுவது சில பாத்திதான். அதற்கும் உறுதிப்பத்திரம் கேட்டே அலைகிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். "தோட்டம் போடுகிறாயே, சம்பள உயர்வு எதற்கு?" என்று கம்பனி கேட்க இடமில்லை. கீரைப் பாத்தி சம்பளத்துக்கு ஈடல்ல. சம்பளமும் வேண்டும், மண்ணும் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே கூட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு துண்டு பயிர்நிலம், அதற்குத் தண்ணீர், பயிரைப் பிடுங்க மாட்டோம் என்ற எழுத்து மூல உறுதி: இம்மூன்றையும் துரையிடம் எழுத்தில் கேளுங்கள். தலைவர்மாரோடு மாதர் தலைவிகளும் கையெழுத்திடுங்கள். மரவள்ளித் தடிக்கும் கீரை விதைக்கும் காசு வேண்டாம். அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்குங்கள்.

உலகத்துக்குத் தேநீர் கொடுக்கும் கை, தன் பிள்ளைக்குக் கீரை பறிக்க யாரிடமும் அனுமதிக்குக் கெஞ்ச வேண்டியதில்லை!