கை நனையாத கல்வி

நள்ளிரவு. தில்லி மாநகரம் உறங்கிவிட்டது. தெரு நாய்களும் ஓய்ந்துவிட்டன. நானும் என் அறைத் தோழனும் வாடகைக்குக் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் ஒன்று மட்டும் உறங்கவில்லை. அது கழிவறையின் தண்ணீர்த் தொட்டி! 'ஸ்ஸ்' என்று ஓர் ஓசை. சிறிது நேரம் அமைதி. மீண்டும் அதே ஓசை. ஒரு நாளா, இரு நாளா? மூன்று வாரங்கள் இந்தக் கச்சேரியைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தோம்.

நண்பர்களே! சங்க மலரில் எழுதத் தகுந்த பொருளா இது என்று முகம் சுளிக்காதீர்கள். காதலையும் கன்னித் தமிழையும் பற்றி எழுத நம்மிடையே வல்லவர் பலர் இருக்கின்றனர். கழிவறையைப் பற்றி எழுத ஒருவனாவது வேண்டாமா?

நான் இயற்பியல் முதுகலை மாணவன். தோழனோ வேதியியல் முதுகலை, திருநெல்வேலிக்காரன். நீர்மங்களின் ஓட்டத்தைப் பற்றித் தேர்வில் பத்துப் பக்கம் எழுதுவேன் நான். தண்ணீரில் கரைந்துள்ள உப்புக்களைப் பகுத்துக் காட்டுவான் அவன். ஆயினும் மூன்று வாரங்களாக இந்த இரு அறிவியல் அறிஞர்களும் செய்தது என்ன? வீட்டுக்காரருக்கு மூன்று முறை சொன்னோம். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்றார். ஆள் வரவில்லை. கழிவறைக் கதவை இழுத்துச் சாத்தினோம். ஓசை சற்றுக் குறைந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணி உறங்கினோம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஏதோ ஒரு துணிவில் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். தோழன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஏல, அதுக்குள்ள கைய விடப் போறியா?" என்றான்.

உள்ளே என்ன இருந்தது? அழுக்கா? புழுவா? ஒன்றுமில்லை. தெளிந்த தண்ணீரும் சில பிளாஸ்டிக் உறுப்புக்களும் இருந்தன. அவ்வளவே! ஒரு பக்கம், தண்ணீரை உள்ளே விடும் வால்வு. அதனுடன் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும். குறித்த மட்டம் வந்ததும் வால்வை அடைத்துவிடும். நடுவில் வெளியேற்றும் வால்வு. பொத்தானை அழுத்தினால் அது மேலெழும்பும். தண்ணீர் பாய்ந்து இறங்கும். பிறகு அது தன் இருக்கையில் அமர்ந்து ஓட்டையை மூடும். மூடுவது எது? அடியில் இருக்கும் ஒரு ரப்பர் வாசர். தப்பித் தவறித் தண்ணீர் மட்டத்தை மீறிவிட்டால் வெளியே சிந்தாமல் கிண்ணத்திற்குள் இறங்க ஒரு வழிகுழாய். இவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த மிதவையைப் பார்த்ததும் என் பாடநூல் நினைவுக்கு வந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியசு என்பவர் தண்ணீர்க் கடிகாரத்தில் நீர் ஒரே மட்டத்தில் நிற்க இப்படி ஒரு மிதவையைப் பயன்படுத்தினார் என்றும், தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பொறிகளுக்கு அதுவே முன்னோடி என்றும் படித்திருக்கிறேன். படித்த பொருள் என் படுக்கையிலிருந்து பத்தடித் தொலைவில் இருந்தது. நான்தான் மூடியைத் திறக்கவில்லை!

திறந்ததும் வெற்றி கிட்டிவிட்டதா? இல்லை. முதலில் தவறே செய்தேன். தண்ணீர் அதிகம் ஏறி வழிகிறது என்று நானாக முடிவு செய்து, மிதவையைத் தாழ்த்தி வைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். 'ஸ்ஸ்' என்றது தொட்டி. தண்ணீரின் மட்டம் வழிகுழாயின் வாய்க்குக் கீழேயே இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. நோய் நாடாமல் மருந்து கொடுத்த வைத்தியன் ஆனேன்.

பிறகுதான் அறிவு வந்தது. காலைக் காப்பிக்கு இறக்கிய டிக்காஷனில் ஒரு தம்ளரைத் தொட்டிக்குள் ஊற்றினேன். பொத்தானைத் தொடாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம். கீழே வெள்ளைக் கிண்ணத்தின் சுவரில் பழுப்பு நிறக் கோடு ஒன்று மெல்ல இறங்கியது. குற்றவாளி பிடிபட்டான்! தண்ணீர் மேலே வழியவில்லை. அடியில் உள்ள வாசர் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. கசிந்து மட்டம் குறையும், மிதவை இறங்கும், வால்வு திறந்து மீண்டும் நிரப்பும். அந்த ஓசைதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஓசை.

எவ்வளவு கசிகிறது? அளந்து பார்க்காதவன் அறிவியல் மாணவன் ஆவானா? சுவரில் இருந்த ஆங்கிள் வால்வை மூடித் தண்ணீர் வரவை நிறுத்தினேன். தொட்டியின் உட்சுவரில் பென்சிலால் கோடிட்டேன். 10 நிமிடத்தில் மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கியது. தொட்டியின் உள்ளளவு 40க்கு 15 சென்டிமீட்டர். கணக்கிடுங்கள்: 10 நிமிடத்தில் 1,200 மில்லிலிட்டர், ஒரு மணிக்கு 7.2 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 173 லிட்டர்!

சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுத் திட்ட அளவு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் சிற்றூர் மக்களுக்கு வகுத்த அளவோ ஆளுக்கு 55 லிட்டர். அப்படியானால், எங்கள் கழிவறை நாள்தோறும் மூன்று சிற்றூர் மக்களின் பங்கை ஓசையோடு விழுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் 3,600 லிட்டருக்கு மேல்! யமுனையிலிருந்தும் கங்கைக் கால்வாயிலிருந்தும் எத்தனையோ கல் தொலைவு கொண்டுவந்து, வடிகட்டி, மருந்திட்டு, மாடிக்கு ஏற்றிய தண்ணீர் அது.

என் நெஞ்சில் ஒரு காட்சி எழுந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடை. நான் சென்னையில் பள்ளி மாணவன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரி வரும் ஓசை கேட்டால் அம்மா பிளாஸ்டிக் குடங்களோடு ஓடுவார். நானும் ஓடியிருக்கிறேன். ஒரு குடத்திற்காகச் சண்டையிட்டவனே, ஆறு ஆண்டுகளில் ஒரு நாளைக்குப் பத்துக் குடத்திற்கு மேல் போக விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். வெட்கினேன்.

பழுது பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரவை அடைத்துத் தொட்டியைக் காலி செய்தேன். நடு வால்வைக் கால் சுற்றுத் திருகினால் அப்படியே கையோடு வந்துவிடுகிறது. அதன் அடியிலிருந்த வாசர் கல்போல் இறுகி, உப்புப் படிந்து கிடந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். பழையதைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அளவு மாறினால் மீண்டும் நடக்க வேண்டும். என் இந்தி இன்னும் தள்ளாடும் இந்தி. ஆனால் கடையில் தள்ளாட்டமே இல்லை. 'வாசர்' என்றேன்; அவருக்கும் அது வாசர்தான்! 30 ரூபாய் கேட்டார்.

அங்கே நின்றிருந்த ஒரு குழாய்த் தொழிலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். இந்தியாவின் பெருநகரங்களுக்கெல்லாம் குழாய்த் தொழிலாளரை அனுப்பும் மாவட்டம் அது. பிளாஸ்டிக் உறுப்பைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் போட்டால் மரை கெட்டுவிடும் என்று கூலி வாங்காமல் பாடம் சொன்னார். அவரும் ஊரை விட்டு வந்தவர். நானும் ஊரை விட்டு வந்தவன். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

வால்வு அமரும் இடத்தில் படிந்திருந்த சுண்ணாம்பு வினிகரில் கரையும் என்று வாசலில் நின்றபடியே வேதியியல் தோழன் அருளினான். அதுவும் பலித்தது. துடைத்தேன், புது வாசரைப் பொருத்தினேன், தண்ணீரைத் திறந்தேன். தொட்டி நிரம்பியது, நின்றது. அமைதி! மூன்று வார நோய் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. அதிலும் ஒரு மணி நேரம் என் தவறுக்குப் போனது.

சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

வேலை முடிந்ததும் தோழன், "சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வால" என்றான். நானும் மறுபேச்சின்றிக் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. மாடித் தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய்த் தண்ணீர்தான் இந்த வாளியிலும் விழுகிறது. அந்தத் தொட்டியிலும் விழுகிறது! குளிக்கும் தண்ணீரில் கை வைத்த தீட்டைக் குளிக்கும் தண்ணீராலேயே கழுவப் போகிறேன்! சமையலறைக் குழாய் கெட்டிருந்தால் இப்படி மூன்று வாரம் காத்திருப்போமா? வேலை முடிந்து குளித்திருப்போமா? மாட்டோம்.

அப்படியானால் எங்களைத் தடுத்தது அழுக்கு அன்று. அறியாமையும் அன்று. 'அது நம் கை படும் இடம் அன்று' என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாங்கள் கற்ற பாடம் அது. அதற்குப் பெயர் தூய்மை உணர்ச்சி இல்லை, நண்பர்களே. அதன் பெயர் சாதி. நூல்களில் ஒழித்துவிட்டோம், மேடைகளில் ஒழித்துவிட்டோம், கழிவறை வாசலில் அது காவல் நிற்கிறது.

அன்று மாலை அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். "ஏம்ப்பா, இதுக்கா உன்ன அவ்வளவு தூரம் படிக்க அனுப்பி வச்சோம்?" என்றார். வருத்தம் குரலில் தெரிந்தது. ஆனால், எங்கள் வீட்டுக் கழிவறையை இத்தனை ஆண்டுகளாகக் கழுவி வருபவர் யார்? அம்மாதான். அப்பாவும் கழுவியதில்லை, நானும் கழுவியதில்லை. அம்மா செய்தால் வீட்டு வேலை. மகன் செய்தால் மானக்கேடு! வீட்டுக்குள் பெண் மீதும், வீட்டுக்கு வெளியே சில சாதியார் மீதும் சுமத்திவிட்டு, நாம் நம் கையை உலர்வாக வைத்துக்கொண்டோம்.

1901இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், அங்குக் கழிவறைகள் கிடந்த நிலையைக் கண்டு தொண்டர்களிடம் கேட்டார். அது தோட்டியின் வேலை என்றனர் அவர்கள். அவர் துடைப்பத்தை வாங்கித் தாமே தூய்மை செய்தார். நூற்றாண்டு கடந்துவிட்டது. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இலும், மீண்டும் 2013இலும் சட்டங்கள் செய்தோம். 2023இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கி மாள்வோரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. விலை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. நச்சுக் காற்றில் மூச்சடைத்து மனிதர் இறங்கும் குழிக்கும், தெளிந்த நீரில் நான் கைவிட்ட தொட்டிக்கும் ஒப்பே இல்லை. ஒரு வாசரை மாற்றிவிட்டு அக் கொடுமைக்குப் பரிகாரம் தேடிவிட்டேன் என்று நான் சொன்னால் என்னைப் பார்த்து நகையுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். தெளிந்த நீரிலேயே கை நனைக்கக் கூசுபவன், அந்தக் குழியில் இறங்குபவனுக்காக எந்த முகத்தோடு முழங்குவான்?

'எல்லாவற்றையும் நாமே செய்தால் குழாய்த் தொழிலாளி பிழைப்பது எப்படி?' என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அவரை அழைக்காமலே மூன்று வாரம் தண்ணீரைப் பாழாக்கினோமே, அப்போது இந்தக் கருணை எங்கே போயிருந்தது? சுவருக்குள் ஓடும் குழாய் உடைந்தால் அவரைத்தான் அழைக்க வேண்டும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். தானே ஒரு முறை செய்து பார்த்துத் தவறியவனுக்குத்தான் அவர் தொழிலின் அருமை தெரியும். மிதவையை வீணாகத் திருகிய எனக்கு அன்று தெரிந்தது.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். அதற்கு முந்திய ஞாயிறு ஒன்றைக் கைவேலைக்கு ஒதுக்குவோம். விடுதியிலும் வாடகை அறையிலும் இருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறக்கட்டும். ஒரு தம்ளர் டிக்காஷன் ஊற்றட்டும். கால் மணி நேரம் காத்திருக்கட்டும். கசிந்தால் சரி செய்யட்டும். இயலாதவர் என்னை அழைக்கட்டும். ஸ்பானர் இல்லாமலே வருகிறேன். அன்றைய நாள் கழிவறையைக் கழுவும் முறையும் நம்முடையதாகட்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

எங்கள் அறையில் இப்போது இரவுகள் அமைதியாக இருக்கின்றன. சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தொட்டி கசிகிறது என்று வந்து சொன்னார்கள். நான் எழுவதற்குள் தோழன் எழுந்துவிட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டிக்காஷன் தம்ளரோடு படியிறங்கிப் போனான். திரும்பி வந்தவன் கையை மட்டும் கழுவினான், குளிக்கவில்லை.